கோனுக்குள் வைத்த வெள்ளைப் பொட்டலம்

24.12.2023 — ரூ. 2,400
14.04.2024 — ரூ. 1,150
26.05.2024 — ரூ. 960
11.10.2024 — ரூ. 6,500
22.12.2024 — ரூ. 3,600

ஓராண்டில் கிறிஸ்டினா மிட்டாய்க் கோன் செய்து விற்ற கணக்கு இவ்வளவுதான். முதல் வரி பங்குக் கோயிலின் கிறிஸ்துமஸ் விழா. அடுத்தது பெத்திக்குப்பத்தில் ஒரு பிறந்தநாள். அதற்கடுத்தது ஒரு காதுகுத்து. பெரிய தொகை, சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையின் ஆயுத பூஜை. கடைசி வரி மறுபடி அதே கோயில், அடுத்த கிறிஸ்துமஸ். இந்தக் கதை அந்தக் கடைசி வரியைப் பற்றியது. ஆனால் பணத்தைப் பற்றியது அல்ல.

கிறிஸ்டினாவின் அப்பாவும் அம்மாவும் ஈகுவார்பாளையம் பக்கம் பிறர் நிலத்தில் நடவும் அறுப்புமாக இருந்தவர்கள். மகள் பத்தாவது முடிப்பதற்குள் கும்மிடிப்பூண்டியைச் சுற்றிக் கம்பெனிகள் வந்துவிட்டன. அவள் சேற்றில் கால் வைக்காமல் நேராக ஒரு கம்பெனியின் பேக்கிங் பிரிவுக்குப் போனாள். மின்சார ஸ்விட்சுகளைப் பெட்டியில் அடுக்கி ஒட்டி அனுப்பும் வேலை. பதினாறு வருஷம் அதையே செய்தாள். ஊரடங்குக்குப் பிறகு ஒப்பந்த ஆட்களைக் குறைத்தபோது அவளையும் நிறுத்திவிட்டார்கள். கணவன் அன்புராஜிடம் சொந்தமாக ஒரு குட்டியானை சரக்கு வண்டி இருந்ததால் வீட்டில் அடுப்பு எரிவதற்குக் குறைவில்லை. அவளுக்குத்தான் கை சும்மா இருக்க மறுத்தது.

அந்தச் சமயத்தில் வேப்பம்பட்டில் ஓர் அடுக்குமாடி வீட்டுப் பிறந்தநாளுக்குப் போனாள். கிளம்பும்போது பிள்ளைகள் கையில் பளபளவென்ற தாள் கூம்பில் சாக்லேட் போட்டுக் கொடுத்தார்கள். எல்லோரும் சாக்லேட்டைத் தின்றார்கள். கிறிஸ்டினா ரயிலில் உட்கார்ந்து கூம்பைப் பிரித்து, அது எப்படி மடித்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே வந்தாள். மறுநாள் காயலான் கடைக்குப் போய், நூல் மில்லிலிருந்து கழித்துப் போட்ட பிளாஸ்டிக் கூம்பு ஒன்றைத் தேடி எடுத்து வந்தாள். அதுதான் அவளுக்கு அச்சு.

வண்ணத்தாளை விசிறி போல வெட்டி, அச்சின் மேல் இறுக்கிச் சுற்றி, மைதாப் பசை தடவி ஒட்டுவாள். நுனி நசுங்கிப்போனால் அது கோன் இல்லை, பொட்டலம் என்பாள். அதனால் முதலில் சீரக மிட்டாயைக் கொட்டுவாள். அது மணல் மாதிரி இறங்கி நுனியை நிரப்பிவிடும். அதன் மேல் அவளே வெல்லப்பாகு காய்ச்சி உருட்டிய கமர்கட்டு, பிறகு கடலை மிட்டாய்த் துண்டு, உச்சியில் கடை டாபி இரண்டு. வாயை மூன்று மடிப்பாக மடக்கி ரிப்பன் கட்டுவாள். ஸ்டேப்ளர் பின் மட்டும் குத்தமாட்டாள். பிள்ளைகள் அவசரத்தில் பிரிக்கும்போது பின் வாய்க்குள் போய்விடும் என்று, கேட்டவர்களிடமெல்லாம் சொல்லுவாள்.

முதல் கிறிஸ்துமஸ் சொதப்பிவிட்டது. அந்த டிசம்பரில் புயல் மழை ஓய்ந்தும் வீட்டுச் சுவர் ஈரம் காயவில்லை. கமர்கட்டு இளகித் தாளோடு ஒட்டிக்கொண்டது. கோயில் வளாகத்தில் பிள்ளைகள் தாளை நக்கிக்கொண்டு நின்றார்கள். மாதர் சங்கத் தலைவி ரோசம்மாள் ஒரு கோனைக் கையில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏன் கிறிஸ்டி, மிட்டாய் வாங்குனா பேப்பர் இனாமா, இல்ல பேப்பர் வாங்குனா மிட்டாய் இனாமா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். கிறிஸ்டினாவும் சிரித்தாள். வீட்டுக்குப் போகும் வரை அந்தச் சிரிப்பை முகத்திலிருந்து இறக்கி வைக்க அவளால் முடியவில்லை.

அடுத்த ஆண்டு நவம்பரில் பிள்ளைகள் விழாவைப் பற்றிப் பேச்சு வந்தபோது, சென்னையில் மொத்தக் கடையில் டப்பா டப்பாவாக வாங்கிவிடலாம் என்று ரோசம்மாள் சொன்னாள். பங்குத்தந்தைதான், நம்ம ஊர்ப் பெண் செய்வதை வாங்குவோம் என்று கிறிஸ்டினாவுக்கே கொடுத்தார். கோன் உலர்ந்திருக்கும், அதற்கு நான் பொறுப்பு என்று எல்லோர் முன்னாலும் அவள் வாக்குக் கொடுத்துவிட்டாள். கொடுத்த பிறகுதான் எப்படி என்று யோசித்தாள்.

பேக்கிங் பிரிவில் வேலை பார்த்தவளுக்கு ஈரம் என்றதும் நினைவுக்கு வருவது ஒரே பொருள்தான். ஒவ்வொரு ஸ்விட்சுப் பெட்டியிலும் விரல் நீளத்தில் ஒரு வெள்ளைப் பொட்டலம் போடுவார்கள். உள்ளே சின்னச் சின்ன மணிகள். அவை ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சிலிக்கா என்பார்கள். உதிரி பாகங்கள் வந்து இறங்கும் பெட்டிகளில் இருப்பதை எடுத்துக் குப்பையில் போடுவதால், வேலை செய்கிறவர்கள் அதை வீட்டுக்குக் கொண்டுபோவதை யாரும் கேட்டதில்லை. சிப்காட்டைச் சுற்றி இருக்கிற வீடுகளில் பட்டுப்புடவைக்கு நடுவில், பிள்ளைகளின் சான்றிதழ் கோப்பில், மழையில் நனைந்த செல்போனைப் போட்டு வைக்கும் டப்பாவில் என்று சிலிக்கா இல்லாத இடம் இல்லை. கிறிஸ்டினா அரிசி டிரம்மிலேயே இரண்டு போட்டிருந்தாள்.

கூட வேலை பார்த்த மணியம்மாள் இன்னும் அங்கேதான் இருந்தாள். அவளிடம் கேட்டதும் ஒரு பை நிறையக் கொண்டுவந்து கொடுத்தாள். கிறிஸ்டினா சோதனைக்கு நாலைந்து கோன்களில் ஒவ்வொன்று போட்டு, குளியலறைப் பக்கம் வைத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் பிரித்தபோது கமர்கட்டு கல்லு போல உருண்டு விழுந்தது. சந்தோஷத்தில் அன்புராஜை எழுப்பி வாயில் ஒன்றைப் போட்டாள். பல்லு போயிடும் போலிருக்குதே என்று அவன் முனகியது அவளுக்குப் பாராட்டாகவே கேட்டது.

டிசம்பர் இருபத்திரண்டு, ஞாயிறு. காலைப் பூசை முடிந்து பிள்ளைகள் விழா. நூற்றைம்பது கோன்களையும் அன்புராஜ் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான். ஒவ்வொன்றிலும் டாபிக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பொட்டலம் இருந்தது. விழா நடந்து முடிந்தது. யாரும் தாளை நக்கவில்லை. ரோசம்மாள் ஒரு பையனின் கோனிலிருந்து கடலை மிட்டாயைப் பிடுங்கிக் கடித்துப் பார்த்து, தலையை ஆட்டினாள். அவ்வளவுதான். அந்தத் தலையாட்டலே போதும் என்று கிறிஸ்டினா வீட்டுக்குப் போய் மீன் குழம்புக்குப் புளி கரைத்தாள்.

குழம்பு கொதிக்கும்போது போன் வந்தது. இரும்பு உருக்காலையில் வேலை பார்க்கும் பென்னி. அவனும் மனைவி கிரேசும் அடுத்த தெருவில் இருந்தார்கள். அவர்களுக்கு நாலு வயதில் ஒரே மகள், ஜெபா.

"அக்கா, கோனுக்குள்ள வெள்ளப் பொட்டலம் ஒண்ணு வெச்சிருந்தியே, அதுல இன்னா இருந்துது? ஜெபா கையில கெழிஞ்சி கெடக்குது. உள்ள ஒண்ணுமே இல்ல."

கிறிஸ்டினா கரண்டியைக் கீழே வைத்தாள். பதினாறு வருஷம் கையில் புழங்கிய பொருள். அதைக் குழந்தை தின்னலாம் என்று ஒரு தடவைகூட அவளுக்குத் தோன்றியதில்லை. அந்தப் பொட்டலத்தில் தின்னாதே என்று ஆங்கிலத்திலும் சீனத்திலும் அச்சடித்திருப்பது அவளுக்குத் தெரியும். ஆனால் உப்பு டப்பாவில் உப்பு என்று எழுதியிருப்பதை வீட்டுக்காரி எப்படிப் பார்ப்பாளோ அப்படித்தான் அதைப் பார்த்திருந்தாள்.

"நான்தான் வெச்சேன் பென்னி. அது திங்கிற பொருள் இல்ல. புள்ளைய ஆஸ்பத்திரிக்கித் தூக்கினு ஓடு, நான் வந்துர்றேன்."

அடுப்பை அணைத்துவிட்டு, அன்புராஜைக் கோயிலுக்கு விரட்டினாள். பங்குத்தந்தையிடம் விஷயத்தை மறைக்காமல் சொல்லி, ஒலிபெருக்கியில் அறிவிக்கச் சொன்னாள். பிறகு மணியம்மாளுக்குப் போன் போட்டாள். மணியம்மாள் ஸ்கூட்டியில் வந்து சேர்ந்தபோது அவள் முகம் கிறிஸ்டினாவின் முகத்தைவிட வெளுத்திருந்தது.

"கிறிஸ்டி, நான் ஒரே பெட்டியில இருந்து எடுக்கலடி. நாலு பக்கம் வந்ததையும் கலந்து போட்டுக் குடுத்தேன். அதுல நீலமும் இருக்கும்."

கிறிஸ்டினாவுக்கு அது புரிந்தது. சில பொட்டலங்களில் மணி வெள்ளையாகக் கண்ணாடி போல இருக்கும். சிலவற்றில் நீலமாக இருக்கும். ஈரம் பட்டால் நிறம் மாறும் வகை அது. நீலத்தை வெறும் கையால் தொடாதீங்க என்று சூப்பர்வைசர் எப்போதும் சொல்லுவார். வெளியே உறை இரண்டுக்கும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வேறொரு பொட்டலத்தை வெட்டிப் பார்த்து, ஜெபாவின் வயிற்றுக்குள் எது போயிருக்கும் என்று சொல்ல முடியாது.

ஆஸ்பத்திரியில் ஜெபா ஒரு மேசையின் விளிம்பில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். அழவில்லை, வாந்தி எடுக்கவில்லை. பணியில் இருந்த பெண் டாக்டர் அவள் வாயைத் திறந்து விளக்கடித்துப் பார்த்தார். வெள்ளை என்றால் பயமே வேண்டாம், அது அப்படியே வெளியே போய்விடும் என்றார். நீலம் என்றால் அதில் வேறொரு ரசாயனம் சேர்ந்திருக்கும், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி ரத்தம் எடுத்துப் பார்த்துவிடுவதுதான் நல்லது என்றார். எவ்வளவு தின்றாள், என்ன நிறம், இந்த இரண்டும்தான் தெரிய வேண்டும்.

பென்னி குனிந்து மகளிடம் கேட்டான், தின்னியாம்மா என்று. ஜெபா தலையாட்டினாள். நீலமா என்றான். அதற்கும் தலையாட்டினாள். வெள்ளையா என்றான். இன்னும் பலமாகத் தலையாட்டினாள். நீ யானையைத் தின்னியா என்று நர்ஸ் கேட்டதற்கும் அதே தலையாட்டல்தான். பெரியவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் முகத்தை அருகில் கொண்டுவந்து கேட்டால் ஆமாம் என்று சொல்லித் தப்பிப்பது அந்தப் பிள்ளையின் வழக்கம்.

கிரேஸ் சுவரோரம் நின்றிருந்தாள். கிறிஸ்டினாவைக் கண்டதும் அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"பின்னு குத்துனா வாயில போயிடும்னு ஊரெல்லாம் சொல்ற ஆளு நீ. இத எப்டிக்கா உள்ள வெச்ச?"

"எங்கூட்டு அரிசி டிரம்ல கூட அதான் கெடக்குது கிரேஸ். பழகிப் பழகி, அது ஒரு பொருளாவே எனக்குத் தெரியாம போச்சி. தப்பு என்னுதுதான்."

கிரேஸ் இடுப்பிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து நீட்டினாள். ஒரு மணியாவது தரையில் சிந்தியிருக்கும், போய்ப் பார் என்றாள். கிறிஸ்டினா சாவியை வாங்கிக்கொண்டு மணியம்மாளின் ஸ்கூட்டியில் ஏறினாள். வழியெல்லாம் ஒலிபெருக்கியில் பங்குத்தந்தையின் குரல் கேட்டது. கோனில் இருந்த வெள்ளைப் பொட்டலத்தைப் பிள்ளைகளிடமிருந்து வாங்கிக்கொள்ளுங்கள், யாராவது தின்றிருந்தால் உடனே சொல்லுங்கள் என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். கிறிஸ்டினா மணியம்மாளின் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

பென்னியின் வீடு ஒரே அறையும் ஒரு சமையலறையும். கோனின் தாள் கட்டிலில் பிரிந்து கிடந்தது. சீரக மிட்டாய் விரிப்பு முழுவதும் சிதறியிருந்தது. கிறிஸ்டினா முழங்காலிட்டுக் கட்டிலுக்கு அடியில் கையால் துழாவினாள். மணியம்மாள் பாயை உதறினாள். துடைப்பத்தால் கூட்டிப் பார்த்தார்கள். ஒரு ரூபாய் நாணயமும் ஒரு கொலுசு மணியும் வந்தன. சிலிக்கா ஒன்றுகூட இல்லை.

"முழுசையும் முழுங்கிட்டாளாடி?" என்றாள் மணியம்மாள்.

கிறிஸ்டினா சுவரைப் பிடித்து எழுந்தாள். டிவி மேசைக்குப் பக்கத்தில் கிறிஸ்துமஸ் குடில் இருந்தது. அட்டைப் பெட்டியில் கூரை போட்டு, தட்டில் கேழ்வரகு முளைக்க வைத்துப் புல்லாக்கி, மண் பொம்மைகளை நிறுத்தியிருந்தார்கள். அந்தப் புல்லுக்கு நடுவே ஏதோ நீலமாகத் தெரிந்தது.

அவள் கண்ணில் முதலில் பட்டது நீலம் என்பதுதான். பிறகுதான் அது எப்படி இருக்கிறது என்பதைப் பார்த்தாள். குடிலில் மூன்று ஆட்டுக்குட்டிகள். மூன்றின் வாய்க்கும் நேராக, மூன்று சின்னக் குவியல்; புல்லின் ஈரம் பட்ட அடி மணிகள் மட்டும் நிறம் வெளிறியிருந்தன. ஒன்றுக்கு அதிகம், ஒன்றுக்குக் குறைவு என்றில்லாமல் பங்கு பிரித்து வைத்திருந்தது அந்தப் பிள்ளை. ஓர் ஆட்டின் மண் மூக்கில்கூட ஒரு நீல மணி ஒட்டிக்கொண்டிருந்தது.

"மணி, இங்க வா. ஆட்டுக்குத் தீனி வெச்சிருக்குதுடி."

இருந்தும் எல்லாம் இங்கே இருக்கிறதா, பாதி வயிற்றுக்குள் போயிற்றா என்பது தெரியவேண்டும். கையோடு எடுத்து வந்திருந்த பையில் மீதியிருந்த பொட்டலங்களில் அதே அளவில் ஒன்றை எடுத்து வெட்டி, அதில் இருந்ததை வேறு தாளில் கொட்டினாள். குடிலில் இருந்த நீல மணிகளைப் புல்லோடு புல்லாக ஸ்பூனால் வாரி, முளையைப் பொறுக்கி எறிந்துவிட்டு, காலியான அந்த உறைக்குள் போட்டாள். எந்தப் பொட்டலமும் விளிம்பு வரை நிறைந்திருக்காது, முக்காலுக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். இதுவும் அங்கேதான் நின்றது. மணியம்மாள் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கிறிஸ்டினா அங்கேயே தரையில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தாள்.

"எழுந்திரு, அங்க கிரேசு செத்துப் பொழைச்சிக்கினு இருப்பா" என்று மணியம்மாள்தான் அவளைத் தூக்கினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பொட்டலத்தை ஒரு தட்டில் கொட்டிப் பார்த்துவிட்டு, இந்தத் தடவை தானே ஜெபாவின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். தின்னியா என்று கேட்கவில்லை.

"ஆட்டுக்குட்டி சாப்பிட்டுச்சா?"

ஜெபா முதன்முறையாகத் தலையை இல்லை என்று ஆட்டினாள். "அதுக்குப் புடிக்கல."

"நீ சாப்பிட்டுப் பார்த்தியா?"

"நாக்குல ஒட்டிக்கிச்சி. துப்பிட்டேன்."

பென்னி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். கிரேஸ் மகளைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கிறிஸ்டினாவின் தோளில் சாய்ந்தாள். எதற்கும் பொழுது சாயும் வரை இருக்கட்டும் என்று டாக்டர் சொன்னார். இருந்தார்கள். பிள்ளை இட்லி கேட்டுத் தின்றுவிட்டுத் தூங்கிப்போனாள். மாலையில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

கோயிலில் இன்னொரு கூத்து நடந்துகொண்டிருந்தது. அறிவிப்பைக் கேட்டு ஒவ்வொருவராக வந்து பொட்டலத்தைக் கொடுத்தார்கள். யார் வீட்டிலும் பிள்ளை தின்றிருக்கவில்லை. தின்ன விட்டால்தானே. சிப்காட் வேலைக்காரர்களின் வீடுகள். கோனைப் பிரித்ததுமே அம்மாக்கள் பொட்டலத்தைக் கண்டு, அட சிலிக்கா என்று பிடுங்கிப் பத்திரப்படுத்திவிட்டார்கள். ஒருத்தி பீரோவில் கல்யாணப் புடவைக்குள் வைத்ததைத் திரும்பக் கொடுக்க மனமில்லாமல், வெள்ளையா நீலமா பார்த்துத் திருப்பித் தருவீங்களா என்று அன்புராஜிடம் பேரம் பேசினாளாம். கிறிஸ்டினாவைத் தவறு செய்ய வைத்த அதே பழக்கம்தான் மற்றப் பிள்ளைகளைக் காப்பாற்றியது. பென்னியின் வீட்டில் இருவரும் அப்போது பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

அன்றைக்கு ராத்திரி சூடு பண்ணிய மீன் குழம்பை அவள் மூன்று தடவை ஊற்றிச் சாப்பிட்டாள்.

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. ஜனவரியில், கோயில் நிர்வாகத்தைக் கவனிக்கும் பங்குப் பேரவையிலிருந்து கடிதம் வந்தது. கோயில் விழாக்களில் வீட்டில் செய்த தின்பண்டம் பிள்ளைகளுக்கு இனி வேண்டாம், அடுத்த முடிவு வரும்வரை என்று அதில் இருந்தது. கிறிஸ்டினா எதிர்க்கவில்லை. சொன்னது சரிதானே என்றாள். ஆயுத பூஜைக்கு வாங்கிய பட்டறைக்காரர்களும் சேதி கேள்விப்பட்டு இந்த வருஷம் பொரி கடலையே போதும் என்றுவிட்டார்கள். நூல் மில் கூம்பைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டாள். இரண்டு வாரம் கழித்து அவளே ஏறி எடுத்தாள்.

யாரும் கேட்காமலே செய்து பார்த்தாள். பாகை இன்னும் ஒரு கொதி அதிகம் விட்டு இறக்கினாள். ஒவ்வொரு கமர்கட்டையும் எண்ணெய்த் தாளில் தனித்தனியாகச் சுற்றினாள். எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம், கோனை மூன்று நாள் முன்னால் நிரப்பி அடுக்காமல், விழா அன்று விடியலில் நிரப்புவது. இது ஏன் முதலிலேயே தோன்றவில்லை என்று அன்புராஜ் கேட்டான். கம்பெனியில சரக்கு மூணு மாசம் கப்பல்ல போவும், அந்த நெனப்புலயே இருந்துட்டேன் என்றாள்.

ஆகஸ்டில் ஒரு மாலை கிரேஸ் வந்தாள். ஜெபாவுக்கு ஐந்தாவது பிறந்தநாள், முப்பது கோன் வேண்டும் என்றாள். கிறிஸ்டினா நிஜமாகவா என்று கேட்டாள்.

"அவ வேற இன்னாத்தையும் வேணான்றா. இந்தத் தபா ஆட்டுக்குட்டிக்கும் சேத்து மிட்டாயே போடணுமாம்."

அந்த முப்பது கோன்களையும் கிரேஸ் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கப் பார்க்கத்தான் நிரப்பினாள். கிரேஸ் வேண்டாம் என்று சொல்லியும் அப்படித்தான் செய்தாள்.

அக்டோபர் மழையில் பேரவை கூடியபோது பேச்சு மறுபடி எழுந்தது. கிரேஸ் எழுந்து, என் பிள்ளைக்கே நான் வாங்கிக் கொடுத்துட்டேன், வேற யாருக்கு இன்னா பயம் என்று கேட்டாளாம். மறுநாள் ரோசம்மாள் குடையை மடக்கிக்கொண்டு நேராகக் கிறிஸ்டினாவின் வீட்டுக்கே வந்துவிட்டாள். அடுப்பு, பாகு, தாள் எல்லாவற்றையும் பார்த்தாள். கட்டி வைத்திருந்த ஒரு கோனை எடுத்து, ரிப்பனை அவிழ்த்து, தட்டில் தலைகீழாகக் கவிழ்த்தாள். கடைசிச் சீரக மிட்டாய் வரை உதறினாள்.

"உள்ள வேற ஒண்ணும் இல்லியே?"

"மிட்டாய்தான்க்கா."

ரோசம்மாள் ஒரு கமர்கட்டின் தாளைப் பிரித்தாள். தாள் ஒட்டாமல் சுத்தமாக வந்தது. வாயில் போட்டுக்கொண்டு, வெளியே மழையைப் பார்த்தபடி மென்றுகொண்டிருந்தாள். கிறிஸ்டினா எதிரில் நின்றபடி அவள் தாடை அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து போகும்போது ரோசம்மாள் இன்னும் இரண்டை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பிறகு பேரவையின் அடுத்த கடிதம் வந்தது. கிறிஸ்துமஸ் பிள்ளைகள் விழாவுக்குக் கோன்கள் கிறிஸ்டினாவே செய்து தரட்டும், அன்று விடியலில் மாதர் சங்கப் பெண்கள் வந்து கூட இருந்து நிரப்புவார்கள் என்று எழுதி, கீழே முதல் கையெழுத்தாக ரோசம்மாள் போட்டிருந்தாள். கிறிஸ்டினா அதைப் படித்துவிட்டு அன்புராஜிடம் கொடுத்தாள், அவன் படித்ததும் வாங்கி மறுபடி படித்தாள். கடிதம் அவள் கைக்கு வந்தது 2025 நவம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை.